சாம்ராஜன் ரசமட்டம் கொண்ட படலம்

வாழ்க சாம்ராஜன்! கரிசல் வெயிலும் கருவேலங்காட்டுப் புழுதியும் காக்கிச் சட்டையில் சரிபாதியாய்ப் படிந்திருக்க, கக்கத்தில் தோல்பையும் காதிடுக்கில் பென்சிலும் விரலிடுக்கில் பல வண்ணச் சீட்டுக்கட்டும் தரித்து, ஓடும் பேருந்தின் பின்படியில் ஒற்றைக் காலூன்றி உலகைக் கண்ட உத்தமன். அருப்புக்கோட்டை தொட்டுப் பந்தல்குடி ஈறாக நாளொன்றுக்கு நான்கு நடை சென்று மீண்ட நடைவேந்தன். 'மிச்சம் இறங்கும்போது வாங்கிக்கோங்க' என்னும் ஒற்றை மந்திரத்தால் சில்லறை கேட்டெழுந்த சேனைகளையெல்லாம் இருந்த இருக்கையிலேயே அமர்த்திய சொல்வல்லான். ஊதினால் நிற்கும், மறுபடி ஊதினால் நகரும், ஊதாவிட்டால் டிரைவர் திரும்பிப் பார்த்து வைவார் என்னும் பெருமை வாய்ந்த பித்தளை விசிலுக்கு உரியவன். கம்பெனிப் பதிவேட்டில் அவன் பேர் வெறும் சாம்ராஜ்தான், 'ன்' போட்டது என் மரியாதை. அவனுடைய வீரத்தைச் சொல்ல வந்தேன். எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், நடுவில் எழுந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அவன் எதிர்நின்ற மாற்றானையும் பாடத்தான் வேண்டும், அதுதான் முறை. சிமெண்டுக் கடை மாடியில் சாய்ந்த மேசை முன் சாயாத முதுகோடு அமர்ந்து, கூர்சீவிய பென்சில் மூன்றும் நீண்ட அடிக்குச்சி ஒன்றும் துணையாக, செங்கல்லின்றிச் சுண்ணாம்பின்றிச் சித்தாளுக்குக் கூலியுமின்றிக் காகிதத்தின் மேல் மாளிகை எழுப்பும் மாயக்காரர். ஊரில் எழுந்த வீடுகளில் பாதிக்குப் பிளான் போட்டவர். பிளான் ஞானையா என்று சொன்னால்தான் தபால்காரருக்கே விளங்கும். கோணல் என்பது எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. காலண்டர் கால் விரற்கடை சரிந்து தொங்கினாலும் அந்த வீட்டில் காப்பி குடிக்க மாட்டார். கோணலைக் கண்ட கணத்தில் அவருடைய தலை மெல்ல இடத்தோள் பக்கம் சாயும், ஒரு கண் சுருங்கும், உதடு பிரியும், பிரிந்த உதட்டிலிருந்து 'ம்ச்' என்று ஓர் அம்பு புறப்படும். அந்த அம்பு பட்டு முகம் வாடாத கொத்தனார் அருப்புக்கோட்டையிலும் இல்லை, திருச்சுழியிலும் இல்லை, மல்லாங்கிணறு வரைக்கும் போய்த் தேடினாலும் இல்லை. நல்ல மனுசர்தான், அந்த 'ம்ச்' மட்டும் இல்லாவிட்டால்.

இவ்விருவரையும் ஒரே களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எங்கள் சபையின் சீட்டு. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் இருக்கையில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையார் பேரையெல்லாம் துண்டுத் தாளில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கி ஆளுக்கொன்றாய் எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ அவருக்கு நாம் ரகசிய நண்பர். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சபையில் வைக்கும் கிறிஸ்மஸ் மரத்தடியில் அவருக்கொரு பரிசு வைக்க வேண்டும், அவர் பிரிக்கும் வரை யார் வைத்தது என்று மூச்சு விடக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் இருபத்தேழாம் நாள், சீட்டுக் கிழித்துச் சிவந்த செங்கையைச் சாம்ராஜன் காணிக்கைப் பைக்குள் விட்டான், துழாவினான், எடுத்தான், பிரித்தான், படித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். ஞானையா என்றுதான் இருந்தது. போன வருசமும் அவனுக்கு அவர் பேர்தான் வந்தது.

அந்தக் கலைக்கண்ணருக்குப் பரிசு கொடுத்துக் களத்தில் வீழ்ந்தோர் வரலாற்றைக் கேளுங்கள். எண்பத்து நாலில் ஒரு குடும்பம் கண்ணாடி போட்ட இயற்கைக் காட்சி கொடுத்தது, பனிமலையும் அருவியும் ஓட்டுவீடும் உள்ளது. வீட்டு நிழல் கிழக்கே விழுது, மரத்து நிழல் மேற்கே விழுது, இந்த ஊர்ல ரெண்டு சூரியனா என்று கேட்டார். எண்பத்தைந்தில் சுவர்க்கடிகாரம்: பன்னிரண்டுக்கு நேர் கீழே ஆறு இல்லை. எண்பத்தாறில் கன்னியாகுமரியிலிருந்து தருவித்த கிளிஞ்சல் கோயில்: கோபுரம் உண்டு, ஜன்னல் உண்டு, வாசலைக் காணோம், சனம் எந்த வழியா உள்ள போகும் என்றார். எண்பத்தேழில் நம் சாம்ராஜன் மதுரைக்கே போய், உள்ளே பல்பு எரியும் பிளாஸ்டிக் தாஜ்மகால் வாங்கி, மடியில் வைத்துப் பிள்ளை போல் கொண்டுவந்தான். மே மாதம் என்ன மார்கழி என்ன, நம் ஊர் பஸ்ஸின் எஞ்சின் வெக்கை ஒன்றுதானே. நான்கு மூலைத் தூண்களில் ஒன்று இளகி உள்பக்கமாய்க் குனிந்துவிட்டது. சபை பார்த்திருக்கத் தலை சாய்ந்தது, கண் சுருங்கியது, 'ம்ச்' பாய்ந்தது. பல்பு நல்லா எரியுதே என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

அது வெறும் மானக்கேடாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். பந்தல்குடி ரோட்டோரம் சாம்ராஜனுக்கு ஐந்து சென்ட் இடம் கிடந்தது. அதில் ஒரு வீடு கட்ட வேண்டும், வீட்டுக்குப் பிளான் வேண்டும், பிளான் ஞானையா கையில் இருந்தது. தாஜ்மகாலுக்கு முன்பு கேட்டால் 'அடுத்த வாரம்' என்று சொன்னவர், தாஜ்மகாலுக்குப் பிறகு 'பாப்போம்' என்று மட்டும் சொன்னார். வேறு ஆளிடம் போகலாம்தான். அவன் மனைவி ஜெயசெல்வி ஒப்பவில்லை. அவளுடைய அக்கா வீட்டு அடுப்படியில் ஞானையா வைத்த ஜன்னல் வழியே சித்திரை மாதத்திலும் காற்று வந்ததைத் தன் முகத்தாலேயே அறிந்தவள் அவள். இப்போதிருந்த வாடகை வீட்டு அடுப்படிக்கோ ஜன்னலே கிடையாது, விறகுப் புகையில் கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் முந்தானை ஓரம் கறுத்துப்போயிருந்தது. அவள் கேட்டது அடுப்படியில் ஒரு ஜன்னல், ரோட்டைப் பார்த்து. நாலு நடையும் அவன் பஸ் அந்த வழியாகத்தான் போகும், படியில் அவன் நிற்பான், கையில் கரண்டியோடு நின்று அவள் பார்ப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஆகவே அன்று மாலை மந்திராலோசனை கூடிற்று. மன்னன் ஒருவன், மந்திரி ஒருத்தி, மண்டபம் அந்தப் புகையடித்த அடுப்படி. கலைக்கண்ணர்க்கு ஏற்ற காணிக்கை யாது என்று வினா எழுந்தது. தங்க மூடிப் பேனா என்றான் மன்னன். மூடி திருகின பக்கம் கோணலாக நிற்கிறது என்பார் என்றாள் மந்திரி. நல்ல மர ஸ்கேல் என்றான். அதை இன்னொரு ஸ்கேலால் அளந்து பார்ப்பார் என்றாள். கம்பளி ஸ்வெட்டர் என்றான். இந்த ஊரில் அதைப் போட்டால் ஆள் அவிந்துவிடுவார் என்றாள். பின்னர் அவளே, நாலடுக்கு டிபன் கேரியர் கொடுக்கலாம், அடுக்குமாடிக் கட்டடம் போல இருக்கும், கட்டட ஆளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பேரறிவுத் திட்டத்தை முன்வைத்தாள். இருவரும் வீட்டிலிருந்த டிபன் கேரியரை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடி ஒரு நூல் தள்ளி இருந்தது.

"என்ன வேணும்னு அவுக வாயால கேட்டாத்தான் உண்டு" என்றாள் ஜெயசெல்வி.

"கேக்கக் கூடாதுல்ல. ரகசியம்ல."

"அப்ப கேக்காமக் கேளுங்க."

கேளாது கேட்டல்! ஒற்றறியும் கலை முழுவதையும் இரண்டே சொல்லில் அடக்கிய அந்த மாதரசியை வணங்கி மேலே செல்கிறேன். டிசம்பர்த் திங்கள் ஆறாம் நாள், சூரியன் உச்சிக்கு வந்து ரோட்டுத் தாரையெல்லாம் இளக்கிக்கொண்டிருந்த வேளையில், பந்தல்குடிக்குப் போகும் வண்டி ஞானையாவின் வீட்டெதிரே வந்ததும் சாம்ராஜன் நீண்ட விசிலொன்று ஊதினான். டயரைப் பார்க்க வேண்டும் என்றான். டயருக்கு ஒரு கேடும் இல்லை. ஐம்பத்தேழு பயணிகளும் இரண்டு கோழிக் கூடைகளும் வெயிலில் வேகக் காத்திருக்க, குனிந்தான், பதுங்கினான், பாத்திரம் விளக்கும் தண்ணீரில் கொழுத்து நின்ற கறிவேப்பிலைச் செடியின் பின்னே மறைந்து, ஜன்னலுக்குக் கீழே காதை ஒட்டினான். உள்ளே ஞானையா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தங்கம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. பிறகு நெஞ்சடியிலிருந்து கிளம்பிய பெருமூச்சு ஒன்றும், அதைத் தொடர்ந்து ஞானையாவின் குரலும் கேட்டன.

"ரசம் மட்டம். கல்யாணமான நாள்ல இருந்து ரசம் மட்டம்."

அதற்குமேல் கேட்கவிடாமல் டிரைவர் ஆரன் அடித்துவிட்டார்.

அந்தோ தமிழே, உன் வேலையைக் காட்டிவிட்டாயே. நடுவில் வெட்டினால் சாப்பாடு, சேர்த்து ஒட்டினால் சாமான்! தரையும் சுவரும் நேரா கோணலா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைக்கும் மரக்கட்டைக்குத்தான் ரசமட்டம் என்று பேர். கட்டை நடுவே கண்ணாடிக் குழல், குழலுக்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழ். குமிழ் நடுவில் நின்றால் தரை மட்டம், ஓடினால் கோணல். நாள் முழுக்கச் சீட்டு வெட்டிப் பழகிய சாம்ராஜன், வெட்ட வேண்டிய அந்த ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணமான நாள் தொட்டு ஒரு ரசமட்டத்துக்கு ஏங்கும் மனிதரா, ஊர்க் கோணலையெல்லாம் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிய மனிதரா என்று எண்ணி எண்ணி அவன் உருகினான். பந்தல்குடி வரைக்கும் யாருக்கும் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டான்.

இனிப் போர். மறுநாள் விடுப்பெடுத்து, மதார் சாகிபு இரும்புக்கடை என்னும் மாபெரும் ஆயுதசாலைக்குள் சாம்ராஜன் புகுந்தான். கடப்பாரையும் மண்வெட்டியும் கம்பிவலையும் கதவுக்கீலும் அணியணியாய் நிற்க, ஆணிமூட்டைகள் அரண்போல் சூழ, தை பிறந்ததும் வீடு தொடங்குவோர் எல்லாரும் வந்து அள்ளிப் போனதுபோக, சுவராணியில் ஒரே ஒரு ரசமட்டம் மட்டும் மஞ்சள் மெருகோடு தொங்கிற்று. வலப்பக்கமிருந்து சாம்ராஜனின் கை நீண்டது. இடப்பக்கமிருந்து இன்னொரு கை நீண்டது. சுண்ணாம்பில் வெளுத்த கை, சாந்தில் காய்த்த கை, சாரத்திலிருந்து விழுந்து தன் பழைய ரசமட்டம் நொறுங்கியதால் வேறொன்று வாங்க வந்திருந்த தவசிக் கொத்தனாரின் கை. இரு கைகளும் ஒரே நொடியில் கட்டையின் இரு முனையையும் பற்றின.

இழுத்தான் சாம்ராஜன், எழும்பிய முனை நோக்கிக் குமிழ் ஓடிற்று. இழுத்தார் தவசி, ஓடிய குமிழ் திரும்பி வந்தது. படியில் நின்று பயின்ற கால் ஒன்று, சாரத்தில் நின்று பயின்ற கால் இரண்டு, இருவரும் அசையவில்லை. ஒருவன் நிமிர மற்றவர் குனிய, ஒருவன் திருக மற்றவர் முறுக்க, அங்குமிங்கும் அலைந்த அந்தப் பச்சைக் குமிழ், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்ட முட்டைக்காரி போல் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தவித்தது. இரண்டங்குல ஆணிப்பெட்டி சரிந்தது. தாழ்ப்பாள்கள் தரையில் உருண்டன. வாசலில் எடைபோட வந்த பழைய இரும்புக்காரர் வியாபாரத்தை மறந்து வேடிக்கை பார்த்தார். அப்போது கல்லாவிலிருந்து மதார் சாகிபு எழுந்து திருவாய் மலர்ந்தார்.

"காசு குடுக்குற வரைக்கும் அது என் சாமான். ரெண்டு பேரும் கைய எடுக்காட்டியும் பரவால்ல, ஆட்டாம நில்லுங்க. யாருக்கு எதுக்கு வேணும், சொல்லுங்க."

"நாளைக்கு குமாரலிங்கபுரத்துல தளம் போடணும் பாய்" என்றார் தவசி. "மட்டம் இல்லாம என்னத்தப் போட?"

நியாயத் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது. சொன்னால் ரகசியம் போகும், சொல்லாவிட்டால் ஜன்னல் போகும். தவசி சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால், இது ரகசியத்தில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சாம்ராஜன் குரலைத் தாழ்த்தினான்.

"கிறிஸ்மஸுக்குப் பரிசு குடுக்கணும். பிளான் போடுற ஞானையா அண்ணாச்சிக்கு."

அம்மொழி செவி புகுந்த அக்கணமே, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தாலும் விடாத அந்தக் காய்த்த கை, தானாகத் திறந்தது. தவசியின் முகத்தில் ஒரு சிரிப்பு எழுந்து காது வரை போய் அங்கேயே நின்றது. "அவுகளுக்கா? அப்ப நீங்களே கொண்டுபோங்கண்ணே. நான் டியூப்புல தண்ணிய ஊத்தி மட்டம் பாத்துக்கிடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க அவுககிட்ட. முதல்ல சொந்த வீட்டுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க." ஞானையா குடியிருந்த வீட்டை அவர் போட்ட பிளான்படி கட்டிய கொத்தனார் இந்தத் தவசிதான் என்பது சாம்ராஜனுக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, யாரிடமும் சொல்லாமல் இருங்கள்.

வந்தது டிசம்பர் பதினெட்டு. சவுக்குக் கிளையில் ஒட்டிய பஞ்சு பனியாய்ப் பொலிய (எங்கள் ஊருக்கு வரும் பனி அது ஒன்றுதான்), மரத்தடியில் சோப்பு டப்பாக்களும் கண்ணாடித் தம்ளர் செட்டுகளும் பளபளத்த காகிதத்தில் குவிந்திருக்க, அவற்றின் நடுவே முழ நீளத்தில் மூங்கில் துண்டு போல் ஒரு பொட்டலம் படுத்திருந்தது. பேர் வாசிக்கப்பட்டது. ஞானையா எழுந்து போய் எடுத்தார். சபை மூச்சை அடக்கிற்று. முடிச்சை அவிழ்த்தார், காகிதத்தைக் கசக்காமல் மடிப்பு மடிப்பாய் நீக்கினார். கட்டையைப் பார்த்தார். தலை வழக்கம்போல் இடத்தோளை நோக்கிப் புறப்பட்டது. பாதி வழியில் நின்றது. பின்பு, சபை வரலாற்றில் முதன்முறையாக, நேராகத் திரும்பிப்போய்க் கழுத்தின் மேல் உட்கார்ந்தது.

ரசமட்டத்தைப் பெஞ்சு மேல் வைத்துப் பார்த்தார், பெஞ்சு கோணல். ஜன்னல் விளிம்பில் வைத்தார், அதுவும் கோணல். சபைப் போதகரின் வேத புத்தகத்தின் மேல் வைக்கப் போனபோது போதகர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். திரும்பிய ஞானையாவின் கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசமா பிளான் போடுறேன். எனக்குன்னு ஒண்ணு வாங்கணும்னு தோணவே இல்ல. யாரு வச்சது?" சாம்ராஜன் எழுந்து நின்றான். ஞானையா அவன் இரு கையையும் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஜெயசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் கண்ணில் அந்த ஜன்னல் திறந்துவிட்டிருந்தது. வெற்றி, வெற்றி, முழு வெற்றி என்று நான் இத்தோடு முடித்திருப்பேன். ஞானையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

"எனக்கு இதுதான் பிடிக்கும்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"நீங்களே சொன்னீகளே அண்ணாச்சி" என்றான் வெள்ளந்தி வேந்தன், சபை முழுக்கக் கேட்க. "அன்னைக்கு ஒங்க வீட்டுப் பக்கம் வந்தப்ப காதுல விழுந்துச்சு. மதினி சோறு போட்டுக்கிட்டிருந்தாக. நீங்க பெருமூச்சு விட்டு, ரசமட்டம், கல்யாணமான நாள்ல இருந்து ரசமட்டம்னு ஏங்கிக்கிட்டிருந்தீக."

ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி என்பார்கள், அங்கே பஞ்சு விழுந்தது கேட்டது. ஆண்கள் பக்கம் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தது. பெண்கள் பக்கம் ஒரே நொடியில் சொல்லை நடுவில் வெட்டிவிட்டது. வெட்டியதும் ஒரு சிரிப்பு கிளம்பி, மூன்றாம் வரிசையிலிருந்து தங்கம்மாள் எழுந்து நின்றதும் அடங்கியது. சபை விருந்துகளில் பதினெட்டு வருசமாக அண்டா அண்டாவாய் ரசம் வைத்துவந்தவள் அவள்.

"வீட்டுக்குள்ள சொன்னது பத்தலையா?" என்றாள் கணவனைப் பார்த்து. குரல் உயரவே இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. "ரோட்டுல போற பஸ்ஸுக்கெல்லாம் தெரியிற மாதிரியா என் ரசத்தப் பேசுறது?" பிறகு சாம்ராஜன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இன்னைக்கு மத்தியானம் நீங்களும் ஜெயசெல்வியும் எங்க வீட்டுல சாப்பிடுறீக. ரசத்தக் குடிச்சுட்டு நீங்க சொல்லுங்க. அந்தக் கட்டையையும் கொண்டாங்க."

வழியெல்லாம் ஜெயசெல்வி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "ஜன்னல் போச்சு" என்றாள். சாம்ராஜன் ரசமட்டத்தைத் தோளில் சாய்த்து, ஆயுதம் பறிகொடுக்கப் போகும் வீரன் போல நடந்தான்.

ஞானையாவின் சாப்பாட்டு அறையில் வாழையிலை விரிந்தது. கறிக்குழம்பு வந்தது, போனது. அதுவரை குறையில்லை. பின்னர் ஈயச்சட்டியோடு தங்கம்மாள் வந்தாள். சோற்றின் நடுவே சாம்ராஜன் குழி செய்தான், குழியில் ரசம் விழுந்தது. விழுந்த ரசம் அங்கே தங்கவில்லை. குழியின் வடகரையை உடைத்துப் புறப்பட்டு, பீட்ரூட் பொரியலைச் சுற்றி வளைத்து, அப்பளத்தை மிதக்கவிட்டு, இலையின் நரம்பு வழியே ஓடி, விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி, புது வேட்டியின் கரையைத் தேடிச் சாம்ராஜனை நோக்கி வந்தது. அவன் இருந்தபடியே நகர்ந்தான். ரசமும் நகர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஞானையா, காலையிலிருந்து முதன்முறையாகத் தெம்பு வந்தவராய். "நிக்கவே நிக்காது. ரசம்னா சோத்துல நிக்கணும். பதினெட்டு வருசமா இதத்தான் சொல்றேன்."

தங்கம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். சுவரோரம் சாத்தியிருந்த ரசமட்டத்தை எடுத்து, இலைக்குப் பக்கத்தில், வடக்கும் தெற்குமாகத் தரையில் கிடத்தினாள். நால்வரும் குனிந்தார்கள். ரசம் வடக்கே போய்க்கொண்டிருந்தது. குமிழ் தெற்கே ஒரே ஓட்டமாய் ஓடி, குழலின் கடைசி முனையில் முட்டி நின்றது.

ஞானையா கட்டையைத் திருப்பி வைத்தார். குமிழ் மறுபடி தெற்கே போனது. எழுந்து குளிக்கும் அறைக்குப் போனார், அங்கே வைத்தார். குமிழ் நடுவில் அசையாமல் நின்றது. அங்கேயே அவரும் நின்றார். தண்ணீர் வடியக் குளிக்கும் அறைத் தரைக்குக் குறிக்க வேண்டிய சரிவை, அதாவது வாட்டத்தை, பதினெட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு அறைக் கட்டத்துக்குள் குறித்துத் தந்திருந்தார். தரை போடும்போதே தவசி வந்து, வாட்டம் அறை மாறியிருக்கே என்று கேட்டார். காகிதத்தில் எல்லாம் மட்டமாகத்தான் இருக்கிறது, நீ போட்டுட்டுப் போ என்று ஒரு 'ம்ச்'சும் சேர்த்து அனுப்பிவைத்ததும் அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"குளிக்கிற ரூம்ல தண்ணி ஓட மாட்டேங்குது, சாப்புடுற ரூம்ல ரசம் நிக்க மாட்டேங்குது" என்றாள் தங்கம்மாள். "பதினெட்டு வருசமா குளிக்கிற தண்ணிய நான் வாரியலால தள்ளிக்கிட்டிருக்கேன். நல்லாக் கேட்டுக்கோங்க. ரசமும் மட்டமில்ல, தரையும் மட்டமில்ல."

ஊரின் கோணல்களையெல்லாம் ஒற்றைச் சொல்லால் அடித்து வீழ்த்திய அந்த மாமனிதர், தலை எந்தப் பக்கமும் சாயாமல் நேராகக் கவிழ, சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சாம்ராஜனுக்கே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. தங்கம்மாள் விடவில்லை. ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய ரசத்தை ஊற்றி அவன் முன் வைத்தாள்.

"இது டம்ளர், எங்கயும் ஓடாது. குடிச்சுட்டு உள்ளதச் சொல்லுங்க தம்பி. நல்லாருக்குன்னா ஒங்க வீட்டு பிளான இவுக இன்னைக்கே ஒக்காந்து போடுவாக. மட்டம்னாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சாம்ராஜன் நிமிர்ந்து பார்த்தான். ஞானையா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பக்கம் பேச இந்த உலகத்தில் ஒரு ஆள் மிச்சமிருக்கிறானா என்பதுபோல. ஜெயசெல்வி அவனைப் பார்க்கவில்லை. புகையில் கறுத்த முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வேறு யோசனையே வரவில்லை.

எடுத்தான் டம்ளரை. அருப்புக்கோட்டைச் சந்தை நாளில் எழுபது பேரைப் பிளந்து முன்படி வரை போய் மீண்ட நெஞ்சுரம் அனைத்தையும் ஒன்று திரட்டி, கண் இமையாமல், புருவம் நெளியாமல், கழுத்து நரம்பு அசையாமல், அண்ணாந்து, இடையில் நிறுத்தாமல், அடிமண்டி வரை குடித்தான். கீழே வைத்தான். உதட்டைத் துடைத்தான்.

"இன்னும் ஒரு டம்ளர் ஊத்துங்க மதினி."

தங்கம்மாளின் முகத்தில் பதினெட்டு வருச வெற்றி மலர்ந்தது. ஞானையாவின் தலை மெல்ல இடத்தோள் பக்கம் சாய்ந்தது, ஒரு கண் சுருங்கியது, உதடு பிரிந்தது. சாம்ராஜன் இரண்டாம் டம்ளரையும் கவிழ்ப்பதைக் கண்டு, வந்த 'ம்ச்'சை அப்படியே விழுங்கிக்கொண்டார். எழுந்து போய்ச் சுருட்டி வைத்திருந்த காகிதத்தைக் கொண்டுவந்து, துடைத்த தரையில் விரித்து, நாலு பக்கமும் செருப்பும் சொம்பும் வைத்து அமுக்கி, காதோரப் பென்சிலை எடுத்தார். அடுப்படிக் கட்டத்தில், ரோட்டுப் பக்கச் சுவரில், நாலடிக்கு நாலடியில் ஒரு ஜன்னல் போட்டார். இன்னும் பெருசா வேணுமாம்மா என்று ஜெயசெல்வியிடம் கேட்டார். போதும் அண்ணாச்சி, பஸ் படிக்கட்டு தெரிஞ்சாப் போதும் என்றாள் அவள், சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ரசம் மட்டமாகத்தான் இருந்தது.